திருவிழா வேட்டில் போன மருந்து

பாசிர் கூடாங் கோயிலில் வேட்டுப் போட்டால், அந்த நெடியில் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட எங்கள் அன்னாசித் தோட்டமும், காட்டுப்பன்றி சுடும் தோட்டாவுக்காக அப்பா தேடிச் சேர்த்து மைலோ டின்னில் நமத்துப்போகாமல் காத்த பழைய பட்டாளத்து வெடிமருந்தும் திரும்பி வருகின்றன. எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி, "சாமிக்குத்தானே" என்று டின்னோடு வாங்கிப்போய்த் திருவிழா வேட்டில் தீர்த்துவிட்டார். அப்பா பொந்தியான் வட்டாரம் முழுக்க அலைந்து மறுபடி மருந்து தேடிப்பிடிப்பதற்குள் பன்றிகள் எங்கள் அன்னாசியை முடித்துவிட்டு, கிராணியின் மரவள்ளிக்குள் இறங்கின. கிராணி ஓடிவந்தார்.

"மருந்துக்கு எங்கங்க ஐயா போவேன்? சாமியையே சுடச் சொல்லுங்க," என்றார் அப்பா.

புது மருந்து டின் அம்மாவின் அரிசிப் பானைக்குள் இருந்தது. கிராணியின் கிழங்கு முறிபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான சோறு பிறகு கிடைக்கவேயில்லை.