அக்கா மரத்தின் பெயர்

பெயர் சூட்டும் முன்பே இறந்துபோன என் அக்காவைக் கொட்டாம்பட்டிக்கு அருகே, அப்பாவின் ஊர்க் கண்மாய்க் கரையில் புதைத்தார்கள். யாருடைய கல்யாணத்திலோ தாம்பூலத்தோடு கிடைத்து, எங்கள் வில்லாபுரம் வீட்டுத் தொட்டியில் நின்ற மரக்கன்றை அப்பா அந்தக் குழிமேல் நட்டார். அது என்ன கன்று என்று கொடுத்தவர்களும் சொல்லவில்லை. வளர்ந்தபின் ஊராராலும் சொல்ல முடியவில்லை. எங்களுக்கு அது அக்கா மரம்.

எனக்கு எட்டு வயதானபோது கரையோரச் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அதையும் வெட்டினார்கள். செய்தி கேட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அந்த வட்டாரத்து மரங்களெல்லாம் இலையும் கிளையும் கழிக்கப்பட்டு ஒரு பொட்டலில் குவிந்து கிடந்தன. அக்கா மரத்தில் ஒரு துண்டாவது வேண்டும் என்றாள் அம்மா.

“எக்கா, இலையுமில்ல, பேரும் தெரியாதுங்கிறீக. நான் என்ன மோப்பமா பிடிக்க?” என்று சிரித்தார் மரம் ஏற்ற வந்த லாரிக்காரர்.

அம்மா உண்மையிலேயே மோப்பம் பிடித்தாள். வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் முகம் வைத்து முகர்ந்தபடி வெயிலில் நகர்ந்தாள்.

“அம்புட்டு மரத்துல எங்கிட்டுன்னு தேடுவ? வா, போவோம்” என்றார் அப்பா.

அவள் ஓர் அடிமரத்தின் முன் நின்றுவிட்டாள். அதன் வெட்டுவாயில் சிவப்பாய்ப் பால் கசிந்து உறைந்திருந்தது. தொட்ட விரலில் ஒட்டியது.

“இதுதாங்க. இது எம்பிள்ளதான்.”

“வேங்கைக்கா அது. வெட்டுனா ரத்தமாத்தான் ஊத்தும்” என்றார் லாரிக்காரர்.

“வேங்கையா?” அம்மா அந்தப் பெயரை மெல்ல இருமுறை சொல்லிப் பார்த்தாள்.

இன்று பட்டிமன்ற மேடைகளில் சான்றின்றி ஒரு சொல்லையும் ஏற்காத நான், அன்றும் ஏற்கவில்லை. அந்த ஆண்டுப் பொங்கலுக்கு அக்கா மரத்தைக் கட்டிப்பிடித்தபோது என் விரல்கள் மறுபுறம் கோத்துக்கொண்டன. இந்த மரத்தை அணைத்தேன். கைகளுக்கிடையே முழ இடைவெளி.

“அப்பா, இது இல்ல! கை எட்டல பாருங்க!”

அப்பா பார்த்தார். நட்டவர் அவர், ஆண்டுதோறும் கிளை கழித்தவரும் அவரே. என் இரு கைகளையும் மரத்திலிருந்து விலக்கித் தம் ஒரு கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“வேங்கைதான்” என்றார் அம்மாவிடம். “இதேதான்.”

பேருந்தில், அந்த வேங்கையிலிருந்து வெட்டி வாங்கிய துண்டை மடியில் வைத்தபடி, அப்பாவின் தோளில் சாய்ந்து அம்மா உறங்கிவிட்டாள். மரத்தின் சேதி வந்த நாள் முதல் அவள் கண்மூடி நான் கண்டதில்லை. நானோ வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். என் வாதம் பொய்க்குத் தோற்றது என்பது மட்டுமே எனக்கு விளங்கியிருந்தது.