தோளில் இரண்டு தட்டு

குஸ்தியில் மண்ணைக் கவ்வுவது தோல்வி இல்லை. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இது புரியாது. குப்புறக் கிடக்கலாம், வாயில் மண் போகலாம், மேலே ஒருவன் ஏறி உட்கார்ந்திருக்கலாம். முதுகு தரையில் பட்டால்தான் ஆட்டம் முடிந்தது. நான் குப்புறக் கிடப்பதில் கெட்டிக்காரன். கை கால்களை அகட்டி வயிற்றை மண்ணோடு ஒட்டிவிட்டால், என்னைப் புரட்ட எங்கள் தோட்டத்தில் ஆள் கிடையாது.

விடாமல் புரட்டப் பார்த்தவன் ஒருவன்தான். மலாயாவில், கோலா சாவா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எனக்கு அடுத்த நிரையில் பால் வெட்டியவன், என் வயது. புகைவீட்டுக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி நாங்களே கோதா போட்டிருந்தோம். அவன் பலத்தைக் காட்ட மாட்டான். ஒரு கையை என் இடுப்பில் போட்டு, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் பாரத்தை என் முதுகில் இறக்கிவிட்டுச் சும்மா இருப்பான். நான் எந்தப் பக்கம் நகரப்போகிறேன் என்பது எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். வலி பொறுக்காதவன் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டு தட்ட வேண்டும், மற்றவன் உடனே விட்டுவிட வேண்டும். அதுதான் எங்களுக்குள் இருந்த சட்டம். அவன் பலமுறை தட்டியிருக்கிறான். நான் ஒருமுறைகூடத் தட்டியதில்லை. இதைத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு ஓர் அறையில் தனியாகக் கிடந்த எனக்குப் பெருமையடிக்க வேறென்ன இருந்தது?

பிறகு அவசரகாலம் வந்தது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். கோதா வேலிக்கு வெளியே போய்விட்டது. அவன் பால் வெட்டை விட்டு, ஸ்பெஷல் கான்ஸ்டபிள், சுருக்கமாக எஸ்.சி. என்று நாங்கள் சொன்ன காவல்படையில் சேர்ந்து, காக்கிச் சட்டையும் துப்பாக்கியுமாகக் கேட்டில் நின்றான். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகிறார்களா என்று தடவிச் சோதிப்பது அவன் வேலை. அவனோடு பேசினால் காட்டிக்கொடுக்கிறவன் என்று பெயர் வரும். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். நானும் நிறுத்தினேன். பயந்தாங்கொள்ளித்தனம், வேறொன்றும் இல்லை.

தண்டால் தனியாக எடுக்கலாம். குஸ்திக்கு இன்னோர் உடம்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்குள் குப்புறப் படுத்துப் பார்ப்பேன். முதுகில் பாரம் இருக்காது. அழுகை வந்துவிடும்.

ஒருநாள் பசிக்குப் பயந்து ஒரு முட்டாள்தனம் செய்தேன். பதினொரு மணிக்குச் சாப்பிடலாம் என்று சோற்றைப் பிழிந்து இலையில் மடித்து, சட்டைக்குள் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டேன். பிடிபட்டால் ஜெயில். கேட்டில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கை என் விலாவில் இறங்கி இடுப்புக்கு வந்ததும் நின்றது.

"என்னடா இது?" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியது அதுதான்.

"எனக்குத்தான்லா. காட்டுக்கு இல்ல."

கையை அவன் எடுக்கவில்லை. விலகிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். என் கை தானாக எழுந்து அவன் தோளில் இரண்டு தட்டு தட்டியது.

உடனே விட்டுவிட்டான். "ஜாலான், ஜாலான்" என்று, போ போ என்பதை மலாயில் உரக்கச் சொல்லி என்னை வெளியே அனுப்பினான்.

அடுத்த வாரம் கேட்டில் வேறொருவன் நின்றான். மண்டோரிடம் கேட்டேன்.

"கோலா கிளாவாங் பக்கம் மாத்தல் கேட்டுப் போயிட்டான்லா. தெரிஞ்ச ஒடம்பத் தடவ முடியலன்னு சொன்னானாம்."

புதிதாக வந்தவன் அவசரமாகத் தடவிவிட்டு அனுப்பிவிடுவான். அன்று தட்டாமல் இருந்திருந்தால் ஜெயிலுக்குப் போயிருப்பேன், தெரியும். ஆனாலும் அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் இருக்க விட்டிருக்கலாம்.