ரோச்சில் காய்ந்த சந்தனம்

மோர்டென்ஸ்ருட்டில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட, ஒரு கார் மானை இடித்துவிட்டது என்று அழைப்பு வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நான் பஸ் ஓட்டுகிறவன். அடிபட்ட விலங்குகளைத் தேடிப்போய், பிழைக்காது என்றால் சுட்டு வேதனையை முடித்துவைக்கும் குழுவிலும் இருக்கிறேன். கூட வருகிற நோர்வேக்காரர் நெரிசலில் மாட்டிக்கொண்டார். "தனியப் போகாதேங்கோ, நானும் வாறன்" என்று மனைவி ஜாக்கெட்டை மாட்டினாள். வருசப்பிறப்பு வெடிக்கே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறவள். வேண்டாம் என்றேன். சொல்வழி கேட்டால்தானே!

மான் வீதியோரச் செடிப் பற்றைக்குள் கிடந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, கத்துவது மட்டும் கேட்டது. அந்தக் கத்தலைக் கேட்டவனுக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

காரின் பின்கதவைத் திறந்து, துவக்கில் ரோச் லைட்டைப் பூட்டத் தொடங்கினேன். துவக்கின் முன்பக்கத்தில் ஒரு உலோகப் பட்டி இருக்கிறது. ரோச்சின் கவ்வியை அதில் கொழுவித் திருகாணியை இறுக்கினால், குறிவைக்கிற இடத்துக்கே வெளிச்சமும் போகும். திருகாணி பாதியில் நின்றுவிட்டது. ரோச் ஆடிக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தேன். சந்தனம்.

போன கிழமை ஆயுத பூசைக்கு மனைவி கார்ச் சாவி, ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் அடுக்கினாள். "உந்தச் சனியனை இஞ்சை வைக்கேலாது" என்று துவக்கை மட்டும் தள்ளிவிட்டாள். புது ரோச்சுக்கு அனுமதி. அது வெளிச்சம்தானே என்றாள். திருகாணிக்குள் போகும்வரை சந்தனத்தை அப்பியிருக்கிறாள். அது காய்ந்து இறுகிவிட்டது.

"உம்மடை பக்தியைக் கொண்டுபோய் எங்கை பூசி வைச்சிருக்கிறீர் பாரும்" என்று எரிந்து விழுந்தேன். சாவி நுனியால் சுரண்டினேன். விரல்கள் விறைத்துப்போயின. உள்ளே இருந்தது அசையவில்லை. மான் மறுபடி கத்தியது. நிறுத்தடா, நிறுத்து என்று வாய்விட்டே சொன்னேன். அழுகை வந்தது. துவக்குக்கு இரண்டு கையும் வேண்டும், ரோச்சையும் பிடிக்க முடியாது. குருட்டாம்போக்கில் சுட்டால் அதன் காலைத்தான் உடைப்பேன். சுடாவிட்டால் அது கத்திக்கொண்டே கிடக்கும். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் ரோச்சை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நான் பிடிக்கிறன்."

"உமக்கு ஏலாது."

"ஏலும். நீங்கள் துவக்கை எடுங்கோ."

என் தோளோடு ஒட்டி நின்று இரண்டு கையாலும் ரோச்சைப் பிடித்தாள். வெளிச்சம் பற்றையைத் துழாவி இரண்டு கண்களில் நின்றது. மானின் இடுப்பு முறிந்திருந்தது. முன்கால்களால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் நடுங்கவில்லை.

"கெதியாச் சுடுங்கோ" என்றாள்.

சுட்டேன். காதைப் பொத்த அவளுக்குக் கை இருக்கவில்லை.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

அதற்குப் பிறகும் அவள் ரோச்சை அணைக்கவில்லை. அவளுடைய அண்ணன், ஊரில் சண்டை நடந்த காலத்தில், செல் குண்டு விழுந்த இடத்திலேயே செத்துவிட்டார் என்றுதான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்குச் சொல்லியிருந்தாள்.

"அண்ணை உடனை சாகேல்லை" என்றாள். "பனை வடலிக்குள்ளை கிடந்து விடியுமட்டும் கத்தினவர். பங்கருக்குள்ளை இருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்டது. நாங்கள் ஒருத்தரும் போகேல்லை."