சஹர் முடிவில் ஆறு நிமிடம்

அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளிய ஆண்டு அது. நான் கல்முனையிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிவந்தேன். வீட்டில் கணினி இருந்ததால், பள்ளிவாசலின் நோன்புகால நேர அட்டையைக் கணித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. பழைய நிரல் புதிய மணிக்கணக்கை ஏற்கவில்லை. கொழும்பிலிருந்து வேறொன்றை எடுப்பித்து, பழைய அமைப்புக் கோப்பிலிருந்த விபரங்களை அதன் கோப்புக்கு மாற்றினேன்.

பழைய கோப்பில் வரிக்கு ஒரு விபரம்: ஊர், அகலாங்கு, நெட்டாங்கு, கடைசியில், பிசகு வராதிருக்க விடும் இடைவெளியாக, ‘பேணுதல் 3’. அந்த மூன்று நிமிடத்தை எங்கே போடுவதென்று நிரலே அறிந்திருந்தது. நோன்பாளி விடியுமுன் உண்பதை நிறுத்தும் சஹர் முடிவில் கழிக்கும், மற்ற நேரங்களில் கூட்டும். புதிய கோப்பில் ஒவ்வொரு நேரத்துக்கும் தனிப் பகுதி. கழிக்க வேண்டுமானால் நாமே கழித்தல் குறி போட வேண்டும். நான் எல்லாவற்றிலும் வெறும் 3 போட்டேன். அச்சகத்திலிருந்து வந்த படியை என் தாளோடு மூன்று தடவை ஒப்பிட்டேன். ஓர் இலக்கமும் பிசகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அட்டைகள் பங்கிடப்பட்டன. மறுநாள் நோன்பு மாதப் பிறை பார்க்கும் நாள். அன்று காலை, பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார் வீட்டுக்கு வந்தார்.

“காக்கா, சஹர் முடியிற நேரமும் சுபஹு நேரமும் ஒண்டா இரிக்கி. வாயில சோத்த வெச்சிக்கிட்டா நான் பாங்கு சொல்ற?”

முந்திய ஆண்டு அட்டைகளில் சஹர் முடிவுக்கும் வைகறைத் தொழுகையான சுபஹுக்கும் நடுவே ஆறு நிமிடம் இருந்தது. இதிலோ சஹர் முடிவு, வைகறை பிறந்து மூன்று நிமிடத்துக்குப் பின். அட்டையை நம்பிச் சாப்பிடுகிறவரின் நோன்பு சேராது.

பள்ளிவாசல் செயலாளர், “அச்சுப் பிழையெண்டு அறிவிப்பம்” என்றார்.

“அச்சில பிழையில்ல. பிழை என்ட.”

“ஊராக்கள்ட பிழையெல்லாம் பேப்பர்ல போட்டீங்க தம்பி. உங்கட பிழைய ஸ்பீக்கர்ல போடுறதா?”

“போடுங்க.”

நண்பகல் தொழுகையான லுஹருக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். ஆனால் ஒரு கட்டு அட்டை வயற்புறத்து ஊரான வரிப்பத்தான்சேனைக்குப் போயிருந்தது. அங்கே தொலைபேசி இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் எதற்குப் போகிறாய் என்று கேட்ட சிப்பாய்க்கு ஆறு நிமிடத்தை விளங்கப்படுத்த முடியவில்லை. திரும்பத் திரும்பக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். பையைக் கொட்டச் சொன்னான்.

வரிப்பத்தான்சேனைப் பள்ளிவாசலிலும் அறிவித்தாயிற்று. கிளம்பப் போகையில் ஒரு விவசாயி மறித்தார்.

“என்ட மச்சான் நேத்தே அட்டையையும் கொண்டு வாடிக்குப் போயிட்டான். ஆனைக் காவல். ஸ்பீக்கர் அங்க கேக்காது.”

“எவ்வளவு தூரம்?”

“போனாத்தான் தெரியும்” என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

பாதி வழியில் சேறு. வரம்பில் நடந்தோம். வாடிக்காரர் அட்டையைக் காவல் குடிலின் கம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு அவிழ்த்துத் தந்தார். முப்பது நாளுக்கும் சஹர் நேரத்தை வெட்டி, பக்கத்தில் ஆறு நிமிடம் குறைத்து எழுதினேன். அவசரத்தில் பிசகிய இரண்டு இலக்கங்களை மீண்டும் வெட்ட வேண்டியிருந்தது.

“இது சரி. நோன்பு துறக்கிற பக்கம்?” என்றார் வாடிக்காரர்.

“அது சரிதான்.”

“இதையும் சரியெண்டுதானே தந்தீங்க.”

என்னோடு வந்த விவசாயி சிரித்தார். வாடிக்காரர் சிரிக்கவில்லை.

“இரிங்க. இண்டைக்கி பொழுது பட்டுறத்தப் பாத்துட்டுப் போங்க. நாளைக்கும் அதே நேரந்தானே.”

பொழுதுபட்டால் சாவடியைக் கடப்பது கஷ்டம். இருந்தேன். மூவரும் வயலை ஒட்டிய குளத்தின் மறுகரையைப் பார்த்தபடி நின்றோம். என் கடிகாரத்தை அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். சூரியன் மரங்களுக்குள் இறங்கியது. கடைசி விளிம்பும் மறைந்தது. அட்டையிலிருந்த நோன்பு துறக்கும் நேரம் இன்னும் வரவில்லை. அது வரும்வரை அவர் முள்ளையே பார்த்திருந்தார். பிறகு கடிகாரத்தைத் தந்துவிட்டு, அட்டையைக் கம்பில் கட்டினார்.

“இனிப் போங்க” என்றார். “ஆனை வாற நேரம்.”