மாறு என்று கத்தினேன்

கல்லூரிக் கால்பந்து அணியில் இரண்டாவது கோல்கீப்பர் என்றால் வேறொன்றுமில்லை, பந்துப் பையைச் சுமக்கிறவன் என்று அர்த்தம். மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் எங்கள் வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, ஆலுவாவில் அணியின் வேனைப் பிடித்து, திருச்சூர், கோழிக்கோடு என்று ஊர் ஊராகப் போவேன். ஜன்னல் கம்பியில் அடுத்தவன் ஜெர்சி காயும். அந்த நாற்றத்தில் உட்கார்ந்து பரோட்டா தின்பேன். மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்து புல்லைப் பிடுங்குவேன். சோறு தின்னும்போதுகூடக் காலாட்டி உம்மாவிடம் திட்டு வாங்குகிற ஜென்மம் நான். என்னைப் போய் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

பாலக்காட்டில் ஒரு போட்டிக்கு முந்தின நாள் முதல் கீப்பருக்குக் கணுக்கால் பிசகியது. கோச் என்னைக் கூப்பிட்டார்.

"நாளெ நீ நில்லு. நன்னாயால் இனி நீ தன்னே. மண்டத்தரம் காட்டியால் பேக் எடுக்கான் போய்க்கோ."

ஒழுங்காக நின்றால் இனி கோல் என்னுடையது. முட்டாள்தனம் பண்ணினால் மறுபடி பந்துப் பை. அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எனக்கு முன்னால் எதிராளிகளைத் தடுக்கிற ஸ்டாப்பராக நிற்பவன் தேனிப் பக்கத்துக்காரன். கட்டட வேலைக்கு வந்த அப்பாவோடு எறணாகுளம் வந்து சேர்ந்தவன். மலையாளம் அவனுக்குப் புரியும், ஆனால் கொஞ்சம் யோசித்துப் புரியும். அணியில் வீட்டில் தமிழ் பேசுகிற இன்னொருத்தன் நான்தான் என்பதால், கோச் சொல்வதை அவனுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. என் தமிழ் அவனுக்கு ஒரே கேலி. "சாயா மதியா?" என்று நான் கேட்டால், "போதுமான்னு கேளுடா" என்பான். மட்டாஞ்சேரித் தமிழ் அப்படித்தான், உனக்கென்ன நஷ்டம் என்பேன்.

போட்டி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணிக்கு ஒரு ஃப்ரீகிக். எங்கள் ஸ்டாப்பர் அவர்களுடைய நெட்டையனை ஒட்டி, சரியாக என் வழியை மறித்து நின்றான். பந்து உயரமாக வந்தது. பாய்ந்து பிடித்துவிடலாம். "மாறு, மாறு" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன்.

அவன் நெட்டையனை விட்டுவிட்டு அந்தப் பக்கம் இன்னொருத்தனைப் பிடிக்க ஓடினான், குறுக்கே போய் என் காலையும் தட்டிவிட்டு. நெட்டையன் நிம்மதியாகத் தலையால் முட்டி கோல் போட்டான்.

"ஆள ஏன்டா விட்டே?"

"நீதானடா மாறுன்னே. ஆளு மாறினேன்."

"மாறுன்னா வழிய விடுன்னு அர்த்தம்டா."

"அது மலையாளத்துல. வேற எவனாச்சும் கத்திருந்தா ஒதுங்கிருப்பேன். நீ கத்துனதால தமிழுன்னு நெனச்சேன்."

உம்மா வீடு கூட்டும்போது "மாறு மோனே" என்பாள், நான் காலைத் தூக்குவேன். பிறந்ததிலிருந்து அதைத் தமிழ் என்றே நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவன் சொன்னது சரி என்பதில் ஆத்திரமாக இருந்தது.

இடைவேளையில் அவனிடமே கேட்டேன், உங்க ஊரில் எப்படிடா சொல்வீங்க என்று. "தள்ளுன்னு சொல்வோம்" என்றான். சரி, இனி அதுதான் என்று பேசிக்கொண்டோம்.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னர். "தள்ளு" என்று கத்தினேன். ஸ்டாப்பர் அழகாக ஒதுங்கினான். ஆனால் பக்கத்தில் நின்ற எங்கள் லெஃப்ட் பேக் அசல் மலையாளி. அவன் இரண்டு கையாலும் எதிராளியின் முதுகில் ஒரு தள்ளு தள்ளினான். விசில் ஊதிவிட்டார்கள். பெனால்டி.

"நீயல்லே தள்ளான் பறஞ்ஞது?" என்று அவன் என்னிடம் சண்டைக்கு வந்தான். நான்தான் சொன்னேன், இல்லையென்று எந்த வாயால் சொல்வது? தலையில் அடித்துக்கொண்டு கோலுக்குத் திரும்பினேன். பெனால்டிக்குச் சரியான பக்கம்தான் பாய்ந்தேன். விரல் நுனியில் உரசிக்கொண்டு பந்து உள்ளே போய்விட்டது. இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

கோச் திட்டவே இல்லை. "பேக் நீ எடுத்தோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் முன்னால் ஏறிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசி சீட்டில் பையைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஆலுவா வரைக்கும் ஓடியே போய்விடலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது, அதை ஜன்னலைப் பார்த்து மறைத்தேன்.

ஸ்டாப்பர் பின்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு என் சீட்டுக்கருகே நின்றான்.

"மாறு" என்றான்.

"எந்த மாறு?"

"உங்க வீட்டு மாறு."

பையை மடியில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். அவன் உட்கார்ந்து, பையில் பாதியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான்.