எங்க ஊட்டுல ஆருக்கும் இல்லீங்க

போன மாதம் கோயமுத்தூரில் ஒரு லேபுக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் சீட்டைப் படித்தாள்.

"பேஷண்ட் மேடம் வரலீங்களா சார்?"

"பேஷண்ட் நான்தானுங்க."

"இது... சினைப்பை கேன்சருக்குப் பாக்கற மரபணு டெஸ்ட்டுங்க சார்."

"தெரியுமுங்க. எனக்கேதான்."

பாவம், சிரிப்பை அடக்க ரொம்பவே சிரமப்பட்டாள். பக்கத்து நாற்காலிக்காரர் செல்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மீசை வைத்த அறுபது வயது ஆளுக்குச் சினைப்பையோடு என்ன வேலை? நியாயமான கேள்விதான். முப்பது வயசு வரைக்கும் நானும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்!

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் அக்கா பெயர் சரஸ்வதி. சோமனூரில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பையன்கள். அப்போது நாற்பத்து நாலு வயது. திடீரென்று வயிறு உப்ப ஆரம்பித்தது. கேஸ் என்றார்கள். ஓமத் தண்ணீர், சோடா, பெருங்காயம் — எல்லாம் ஆயிற்று. கோவைக்குக் கூட்டி வந்து ஸ்கேன் எடுத்தால், சினைப்பையில் கட்டி. ஆபரேஷன் முடிந்து நாலைந்து நாளில் ரிப்போர்ட் வந்தது. கேன்சர்.

பார்த்த டாக்டரம்மா வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஆனாலும் பேச்சில் நம்ம ஊர் 'ங்க' ஒன்றுகூடக் குறையாது. "குடும்பத்துல பெரியவங்க ஆராச்சும் இருந்தா ஒருக்கா வரச் சொல்லுங்க" என்றார். கிணத்துக்கடவிலிருந்து அப்பா வந்து சேர்ந்தார்.

அப்பாவிடம் போய்க் குடும்பத்தைப் பற்றிக் கேட்கலாமோ? எங்கள் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி எந்த ஊர், அடுத்த கேள்வி என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம். ஒரே கூட்டம் என்றால் பங்காளிகள். பெண் கொடுக்க எடுக்க முடியாது. அதனால் வம்சாவளி தெரியாதவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். அப்பா அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு கூட்டம், குலதெய்வம், பாட்டன், பூட்டன் என்று ஏழு தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பித்தார். டாக்டரம்மா ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு வரைய உட்கார்ந்தவர். தாள் முழுக்க ஒரே கட்டமாக இருந்தது.

"ஏனுங்கய்யா, உங்க ஊட்டுல பொண்ணுங்களே பொறக்கலீங்களா?"

"பொறந்தாங்க. கட்டிக் குடுத்துப்போட்டமுங்களே... அவங்க இப்ப வேற கூட்டமுங்க."

"சரிங்க. வயித்துல கட்டி வந்து ஆராச்சும் தவறியிருக்காங்களா?"

"எங்க ஊட்டுல ஆருக்கும் இல்லீங்க."

அப்பா பொய் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. சத்தியமாக அப்படியே நம்பித்தான் சொன்னார்.

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த அக்கா கேட்டாள். "அப்பா... காரமடை அத்தை?"

அப்பா சட்டென்று திரும்பினார். "அம்மணி, நீ சும்மா படு."

"பல்லடத்து அத்தை? ரெண்டு பேருக்குமே வயிறு இப்பிடித்தானுங்க உப்புச்சு டாக்டரம்மா. ரெண்டு பேருமே அம்பதத் தாண்டலீங்க. நான் கூட இருந்து பாத்திருக்கறேன்."

"அதெல்லாம் வெளிய பேசற பேச்சா அம்மணி? நாளைக்கு நம்ம ஊட்டுல பொண்ணெடுக்க ஆரு வருவாங்க?"

அக்கா நிறுத்தவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவின் கட்டத்துக்குப் பக்கத்தில் டாக்டரம்மா அவர் கூடப் பிறந்தவர்களுக்கு இரண்டு வட்டம் போட்டு உள்ளே கறுப்பாகத் தீட்டினார்.

பிறகு நிதானமாக விளக்கினார். பரம்பரையாக இந்த நோயைக் கொண்டுவருகிற மரபணு ஒன்றை வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அது அம்மா வழியாகத்தான் வரும் என்றில்லை. அப்பா வழியாகவும் வரும். ஆணுக்குச் சினைப்பை கிடையாது. ஆனால் பெற்ற பிள்ளைக்கு அவன் அதைக் கொடுக்க முடியும்.

அப்பாவுக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. தொழுவம் நிறைய மாடு வைத்திருந்தவர். "காளை பால் கறக்காதுங்க. ஆனா அதுக்குப் பொறந்த கெடாரி எத்தன கறக்கும்னு காளையப் பாத்துத்தானே சொல்றோம்..." என்று தனக்குத்தானே சொல்வதுபோல இழுத்தார். அப்புறம் டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ நாந்தான் குடுத்தனுங்களா?"

"நீங்க தெரிஞ்சு குடுக்கலீங்கய்யா."

துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வராந்தாவில் டாக்டரம்மாவைத் துரத்திப் பிடித்துக் கேட்டேன். "அக்கா பொழைச்சுக்குவாளுங்களா?" கட்டி பரவியிருக்கிறது, இரண்டு வருஷம் நன்றாக இருந்தாலே சந்தோஷப்படுவேன் என்றார். "சில பேருக்கு மருந்து நல்லாக் கேக்குதுங்க. ஏன்னு எங்களுக்கே இன்னும் பிடிபடல. அந்த மரபணு டெஸ்ட் இங்க இல்லீங்க. ஒரு நாளைக்கு வரும்."

அக்காவுக்கு மருந்து கேட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை சோமனூரிலிருந்து பஸ் ஏறி காந்திபுரம் வருவாள். நான் ஸ்கூட்டரோடு காத்திருப்பேன். தலையில் ஒரு முடி கிடையாது, சேலைத் தலைப்பால் முக்காடு. பின்னால் உட்கார்ந்ததும் தோளைத் தட்டுவாள். "மெதுவாப் போ தம்பி... முடி பறந்துறப்போகுது!" சிக்னலில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆனி மாதத்துக் காற்று, ரோட்டில் இன்றைக்கு இருப்பதில் கால்வாசிகூட இல்லாத கூட்டம், பின்னால் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி அது. ஆனாலும் அந்த நாட்களுக்காக மனசு ஏங்குகிறது, என்ன செய்ய?

வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தித் தேங்காய் பன் வாங்கிக் கொடுக்க வேண்டும். "ஊசி போட்டா ஒண்ணும் எறங்காது. முன்னாலயே தின்னு போடறேன்" என்பாள். அப்படி ஒரு நாள் பன்னைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு அப்பாவை அழ வெச்சு எதுக்குச் சொன்னேன்னு நெனைக்கறே? எனக்கு ரெண்டும் பசங்க. உனக்குத்தான் பொண்ணு பொறந்திருக்கு. அந்த டெஸ்ட்டு வந்துச்சுன்னா மொதல்ல நீ போகோணும் தம்பி."

பையன்கள் வழியாகப் பேத்திகளுக்கும் போகும் என்பது அவளுக்கும் அப்போது பிடிபடவில்லை. என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். "சரிக்கா" என்றேன்.

டாக்டரம்மா இரண்டு வருஷம் என்று கணக்குப் போட்ட அக்கா ஏழு வருஷம் இருந்தாள். பரம்பரையாக வருகிற வகைக்கு அந்த மருந்து பல பேருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். அக்காவைக் கொண்டுபோன அதே கோளாறுதான் அந்த ஸ்கூட்டர் பயணங்களையும் எங்களுக்குக் கொடுத்ததோ என்னவோ.

டெஸ்ட் நம்ம ஊருக்கே வந்து வருஷக்கணக்காகிறது. நான் போனேனா? மகள் படிப்பு முடியட்டும் என்றேன். கல்யாணம் முடியட்டும் என்றேன். பிரசவம் ஆகட்டும் என்றேன். அவளிடம் அத்தைக்கு வயிற்று வலி என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அப்பாவாவது தெரியாமல் மறைத்தார்... நான் தெரிந்தே செய்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, ஆஸ்பத்திரி ஃபாரத்துல கேக்கறாங்க. நம்ம ஊட்டுல ஆருக்கும் கேன்சர் இல்லீங்களே?" எனக்கு நாக்கு நுனி வரைக்கும் அப்பாவின் அதே பதில் வந்துவிட்டது. எப்படியோ விழுங்கினேன். விழுங்கியதால்தான் அந்த லேபுக்குப் போனேன்.

போன செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. எனக்கு இருக்கிறது.

மகளைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னேன். "எனக்கு இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதிதானுங்களேப்பா? டெஸ்ட் எடுத்துப்போடறேன். இருந்தாலும் முன்னாலயே தெரிஞ்சா டாக்டருங்க வழி சொல்லுவாங்க" என்றாள். கட்டிலில் படுத்திருந்த அக்காவின் குரல் மாதிரியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்ட அடுத்த நொடியே என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "உங்க மாமியாருக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் கண்ணு."

"அப்பா! எங்க ஊட்டுக்காரருகிட்ட நான் சொல்லிப்போடறேன். அத்தைகிட்ட நீங்கதான் சொல்லோணும். போன் பண்ண பயமா இருந்தா எழுதுங்க. வாராவாரம் புக்கு வந்ததும் அதுல நீங்க எழுதற பக்கத்தைத்தான் மொதல்ல எடுக்கறாங்க."

வணக்கமுங்க சம்பந்தியம்மா. இதுவரைக்கும் படித்தது எல்லாமே நிஜமுங்க.