அந்தியில் பார்த்து வாங்கிய கண்ணாடி

துப்பாக்கித் தொலைநோக்கியைக் கடை விளக்கில் பார்த்து வாங்குபவனை ஏவெர்ட் ஒரு வேட்டைக்காரனாகவே மதிக்கமாட்டார். மரம் அறுக்கும் ஆலையில் அவருக்குக் கிடைத்த சம்பளத்தில் புதுசு கட்டுப்படியாகாது. பழசைத்தான் மலிவாக வாங்குவார். அதற்கும் பொழுது சாயும்வரை கடையில் உட்கார்ந்து காப்பியைக் குடித்துத் தீர்ப்பார். இருட்டத் தொடங்கியதும் வாசலுக்கு எடுத்துப்போய்த் தேவாலயக் கடிகாரத்தைப் பார்ப்பார். முள் தெரிந்தால்தான் வியாபாரம்.

"கடைக்குள்ள எல்லாக் கண்ணாடியும் பளிச்சுன்னுதான் இருக்கும். மூஸ் மான் என்ன கடைக்குள்ளயா வந்து நிக்கப்போவுது?" என்பார். கடைக்காரர் பல்லைக் கடிப்பார். வேட்டைக் குழுவில் அவருடைய கூட்டாளியான சீவுக்கு அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

கடைசியாக அவர் அந்த வாசலில் நின்றது ஒரு செப்டம்பர் அந்தியில். பல வருஷம் கூடவே இருந்த தொலைநோக்கியோடு சண்டைக்கு வந்திருந்தார். சீவும் கூட வந்திருந்தாள்.

"உள்ள ஆவி படிஞ்சுபோச்சு சீவ், முள்ளே தெரியல. நீயே பாரு!"

சீவ் வாங்கிப் பார்த்தாள். முள் மட்டுமல்ல, அதன் நுனியில் பொன்பூச்சு உதிர்ந்திருந்ததுகூடத் தெரிந்தது.

"ஆமா, ஆவிதான்," என்றாள். "உங்களுக்கு வேணாம்னா எனக்குக் குடுத்துடுங்க."

ஏவெர்ட் தேவாலயம் இருந்த திசையையே வெறுங்கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆவி படிஞ்ச கண்ணாடிய யாராவது கேட்டு வாங்குவாங்களா?" என்று சொல்லி, அதை அவளிடமே விட்டுவிட்டு நடந்தார்.